கைராசிப் பெட்டி

மார்ச் 4, புதன்

பெட்டி இன்றும் எனக்கு மட்டும்தான் அலறியது.

அவசரக்குடுக்கை பொத்தானை அழுத்தினான் – மூச்சே இல்லை. சந்தேகம் அழுத்தினாள் – ஒருதரம் விக்கிவிட்டு அடங்கிப்போனது. நான் அழுத்தினேன். ஆய்வகமே திரும்பிப் பார்க்கும்படி அலறியது. மூடியைத் திறந்ததும் கப்சிப்.

அவசரக்குடுக்கை, சந்தேகம் – இரண்டும் நான் வைத்த பட்டப்பெயர்கள். எங்கள் மூவரின் புராஜெக்ட் இவ்வளவுதான்: ஒரு மாத்திரைப் பெட்டி. மாத்திரை நேரம் வந்தால் அலற வேண்டும். மூடியைத் திறக்கும்வரை நிறுத்தக் கூடாது. அந்தப் பொத்தான் சோதனைக்கு. அழுத்தினால் நேரம் வந்துவிட்டது என்று பெட்டி நினைத்துக்கொள்ளும். பதினாறாம் தேதி மேடம் முன்னால் ஓட்டிக்காட்ட வேண்டும்.

“உனக்குக் கைராசிப்பா. இனிமே நீதான் அழுத்தணும், நாங்க தள்ளி நின்னுக்கிறோம்,” என்றான் அவசரக்குடுக்கை. நான் டீ குடித்துவிட்டு வரும்வரை பெட்டியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு அரியர் வைத்திருப்பவளுக்காக இந்த வகுப்பில் இதுவரை யார் காத்திருந்தார்கள்? வெட்கமில்லாமல் எழுதுகிறேன்: நன்றாக இருந்தது.

மார்ச் 6, வெள்ளி

அக்கா பேசினாள். பிரசவம் இருபதாம் தேதி வாக்கில் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அத்தான் கப்பலில் இருக்கிறார், அடுத்த மாதம்தான் இறங்குவார். அம்மா போன பிறகு எனக்கு அவள், அவளுக்கு நான். “வந்துடுவேல்ல?” என்று மூன்று தடவை கேட்டாள். அக்கா எதையும் இரண்டாம் தடவை கேட்கிறவள் இல்லை.

கைராசிக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். “பீச்சாங்கைக்காரிக்குக் கைராசியா? உலகம் தலைகீழாப் போச்சுடி!” சின்ன வகுப்பில் டீச்சர் என் பென்சிலை வலது கைக்கு மாற்றுவார். வீட்டுக்கு வந்ததும் இடது கையில் திரும்ப வைத்தவள் இவள்தான்.

பதினாறு, இருபது. நடுவில் நாள் இருக்கிறது. பிறகு ஏன் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன்?

மார்ச் 9, திங்கள்

உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பேட்டரியை மாற்றினோம். சத்தம் போடும் பஸ்ஸரை மாற்றினோம். சந்தேகம் புரோகிராமை முதலிலிருந்து எழுதினாள். எல்லாம் செய்தும் பழைய கதைதான் – நான் தொட்டால் பாடும், அவர்கள் தொட்டால் செத்துப்போகும்.

பக்கத்து மேசைக்காரர்கள் ஓடாத தங்கள் புராஜெக்ட் வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, “ஒரு தடவை தொட்டுக் குடு” என்றார்கள். தொட்டேன். ஓடித் தொலைத்தது! காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

மார்ச் 10, செவ்வாய்

ராசியாம் ராசி. அப்படி ஒன்று இருந்தால் இரண்டு அரியர் எதற்கு?

மார்ச் 12, வியாழன்

அக்காவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. இருபது வரை தாங்காது போலிருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். “நீ உன் வேலையை முடிச்சுட்டே வா, ஒண்ணும் அவசரமில்ல,” என்றாள். அவள் அப்படிச் சொன்னால் உடனே வா என்று அர்த்தம்.

இவர்களிடம் சொன்னேன். அவசரக்குடுக்கையின் முகம் விழுந்துவிட்டது. “பதினாறு வரைக்கும் மட்டும் இருப்பா. இது போச்சுன்னா எனக்கு ஒரு வருஷம் போச்சு.” சந்தேகம் என் ஊர் பஸ் நேரத்தைப் பார்த்துக் கொடுத்தாள். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிறவள் ஒரு கேள்வியும் கேட்காமல் கொடுத்தது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. எங்கேயோ யோசித்துக்கொண்டே கம்பியைப் பற்ற வைத்ததில் சால்டரிங் சூட்டுக்கோல் வலது கையில் பட்டுவிட்டது. இரண்டு விரலில் கட்டு. இதுவேறு.

மார்ச் 13, வெள்ளி

காலையில் பொத்தானை அழுத்தினேன். அலறவில்லை.

எனக்கே அலறவில்லை! மறுபடி அழுத்தினேன், மறுபடி, மறுபடி. அவசரக்குடுக்கை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். “ராசி போயிடுச்சு” என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. போச்சு, எல்லாம் போச்சு – நான் இருந்தும் பிரயோஜனம் இல்லை, போயும் மனசு ஆறாது.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் போகவில்லை. நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம்? அதே பெட்டி, அதே பேட்டரி, அதே நான். கட்டு மட்டும்தான் புதுசு.

கட்டைக் கழற்றினேன். அழுத்தினேன். அலறியது.

நான் இடது கையால் அழுத்துகிறவள். வலது கை பெட்டியின் வலப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். அங்கே மூடி திறந்திருப்பதைப் பெட்டிக்குச் சொல்லும் கம்பியின் நுனி உறையில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கிறது, பெட்டியின் தகரத்துக்கு வெகு அருகில், ஆனால் தொடாமல். மற்றவர்கள் வலது கையால் அழுத்தி இடப்பக்கத்தைப் பிடிக்கிறவர்கள். மூடி திறந்தால் அந்தக் கம்பிக்கு மின்சாரம் வரும். மூடியிருந்தால்? ஒன்றுமே இல்லை, அந்தரத்தில் தொங்குகிறது. திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று பெட்டிக்குத் தெரியாது, தோன்றியதைச் செய்கிறது. என் விரல் கம்பியையும் தகரத்தையும் சேர்த்துத் தொடும்போதுதான் கம்பிக்கு ஒரு பிடிமானம் கிடைத்து, மூடி மூடியிருப்பது பெட்டிக்குப் புரிகிறது. கம்பியையும் தகரத்தையும் எப்போதும் இணைத்திருக்க அந்த இடத்தில் ஒரு ரெசிஸ்டர் வைக்க வேண்டும் என்பது இரண்டாம் ஆண்டுப் பாடம். மூன்று பேரும் மறந்திருக்கிறோம்.

அரிசியளவு சாமான். இத்தனை நாளும் அதன் வேலையைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

அவர்கள் திரும்பி வந்தார்கள். அழுத்திக் காட்டினேன், கைதட்டினார்கள். காரணத்தைச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஏன் நாளைக்கு? சொல்லிவிட்டால் திங்கட்கிழமை நான் யார்?

மார்ச் 14, சனி

விடிந்ததும் அக்காவின் பக்கத்து வீட்டு அத்தை பேசினார். “வலி எடுத்துடுச்சும்மா. உன் பேரைத்தான் சொல்லிக்கிட்டே இருக்கா.”

பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடாமல் ஆய்வகத்துக்கு ஓடினேன். மறுபடி கட்டுப்போட்ட விரலோடு ரெசிஸ்டரைப் பற்ற வைத்தேன். இரண்டு பேரையும் வரவழைத்தேன்.

“நீ அழுத்து,” என்றேன் அவசரக்குடுக்கையிடம்.

“நானா? ஆளை விடுப்பா!”

“அழுத்துடா, எனக்கு பஸ் இருக்கு!”

கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுத்தினான். பெட்டி அலறியது. அவன் அதைவிடச் சத்தமாக அலறினான். காரணத்தைச் சொன்னேன், மேடம் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்றும் சொன்னேன். சந்தேகம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: “அப்போ இவ்வளவு நாளா நீ ஒரு ரெசிஸ்டரா?”

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

மார்ச் 15, ஞாயிறு

பையன். அக்கா நலம். கட்டுப்போட்ட விரல் என்றுகூடப் பார்க்காமல் நெரித்துவிட்டாள், பாவி.

மார்ச் 16, திங்கள்

“அலறிச்சு. பாஸ்.” அவசரக்குடுக்கை அனுப்பிய செய்தி அவ்வளவுதான். நீ இல்லாமல் என்னவோ போலிருந்தது என்று ஒரு வார்த்தை? வேறென்ன எதிர்பார்த்தேன், நானே வைத்த ரெசிஸ்டர்தானே. அன்றைக்கு வராததால் எனக்கு மட்டும் தனியாக இருபத்துமூன்றாம் தேதி தேர்வு.

மார்ச் 23, திங்கள்

மேடம் பெட்டியை என் முன்னால் வைத்தார். “நீ தொட்டாத்தான் இது வேலை செய்யும்னு கிளாஸ் பூரா பேச்சாமே. ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கோ.”

கட்டிக்கொண்டேன். அவரே அழுத்தினார். அலறியது. மூடியைத் திறந்தார், அடங்கியது.

“தப்பு எங்கேன்னு யார் கண்டுபிடிச்சது?”

“நான்தான் மேடம்.”

“எப்படி?”

“கையைச் சுட்டுக்கிட்டேன்.”

அவர் சிரித்ததை இன்றுதான் பார்த்தேன். மதிப்பெண்ணை எழுதி என் பக்கம் திருப்பிக் காட்டினார். இந்தப் படிப்பில் நான் வாங்கியதிலேயே அதிகம்.

வெளியே வந்ததும் அக்கா அழைத்தாள். பின்னால் ஒரே அலறல். “காலையிலேர்ந்து நிறுத்த மாட்டேங்கிறான்டி. பால் குடுத்தாச்சு, துணி மாத்தியாச்சு. நீ தூக்கினாத்தான் அடங்குறான். உனக்குக் கைராசி, நெசமாத்தான் சொல்றேன்.”

இதற்கும் ஏதாவது காரணம் இருக்கும். நான் தேடப்போவதில்லை. சாயங்கால பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.