பின்தங்கல்: பூஜ்யம் நொடி

முன்கலம். பயண நாள் 1204, காலை 09:10

தானியங்கிச் சோதனைகள் 316. எல்லாம் பச்சை. தரவுத்தள நகல் ஓடுகிறது. பின்தங்கல் பூஜ்யம் நொடி. பன்னிரண்டு நாளாக அதே எண். நிம்மதி.

இதைப் பின்னால் படிப்பவருக்கு: நான் லூர்து மேரி, இந்த விண்கலத்தில் இருக்கும் ஒரே ஆள். பயணம் முழுக்க உறங்குபவர்கள் 212 பேரும் எனக்குப் பின்னால் வரும் இன்னொரு கலத்தில். அவரவருக்கு அன்றன்று எவ்வளவு உறக்க மருந்து என்பதை இங்குள்ள மருத்துவக் கணினி கணக்கிட்டு என் தரவுத்தளத்தில் எழுதும். அதன் நகல் பின்கலத்துக்குப் போகும்; அது எத்தனை நொடி பிந்திப் போகிறது என்பதுதான் பின்தங்கல். அங்கே நகலைப் பார்த்துத்தான் இயந்திரம் ஊசி போடும். அங்கே காவலுக்கு இருப்பவர் தவமணி அண்ணாச்சி.

நாள் 1207, 09:10

316 பச்சை. பூஜ்யம் நொடி.

பின்கலத்திலிருந்து: "மேரி, இங்க எல்லாரும் நல்லாத் தூங்குதாவ. நானும் செத்த நேரம் கண்ணசரட்டா?"

"தூங்குங்க அண்ணாச்சி. நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

நாள் 1211, 13:42

"மேரி, மூணு பெட்டியில செவப்பு எரியுது. ஈரல் வேல செய்யலங்குது."

மருந்தளவை ஒப்பிட்டோம். 17ஆம் பெட்டிக்கு இங்கே 4.1. அங்கே 6.8.

"கடைசியாப் பதிவான நாளு 1192ன்னு காட்டுதே?"

பத்தொன்பது நாள்.

சோதனையை மறுபடி ஓட்டினேன். பச்சை. பூஜ்யம் நொடி.

நாள் 1211, 15:20

1192இல் ஆண்டெனாவைத் திருப்பியபோது ஒரு பதிவு பாதியில் அறுந்திருக்கிறது. நகலெடுப்பு அதோடு நின்றுவிட்டது. நின்றுபோன நகலிடம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறாய் என்று கேட்டால் எண் வராது, வெற்றிடம்தான் வரும். என் சோதனை வெற்றிடத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டது.

இங்கிருந்து குரல் அங்கே போகவே இருபது நொடி ஆகிறது. பூஜ்யம் வரவே முடியாது. தினமும் பார்த்தேன். நிம்மதி என்று எழுதியும் வைத்தேன்.

முதலில் வேறு சோதனை வைத்திருந்தேன். இங்கே ஒரு வரி எழுதி, அது அங்கே போய்ச் சேர்ந்ததா என்று படித்துப் பார்க்கும். கலங்களுக்கு இடையே தூரம் கூடக்கூட, நேரம் போதாமல் தினமும் சிவப்பு. அலுத்துப்போய் எடுத்துவிட்டேன். காத்திருக்கும் நேரத்தை ஒரு நிமிடமாக்கியிருந்தால் போதும்.

மருத்துவக் கணினி பத்தொன்பது நாளும் அளவைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. எதுவும் பின்கலத்துக்குப் போகவில்லை; அங்கே பழைய அளவிலேயே ஊசி போட்டிருக்கிறது.

நாள் 1212, 07:55

பதினொரு பேர் இறந்துவிட்டார்கள். அண்ணாச்சி பெட்டி எண்களை வாசித்தார். எண்பத்தெட்டு என்றதும் நிறுத்தினார். அது ரூபாவதி. அவர் மனைவி.

சோதனையைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். நான் எழுதியது, நான் மாற்றியது. பதில் நாற்பது நொடியில் வர வேண்டும். ஆறு நிமிடம் ஆயிற்று.

"நகலச் சரிபண்ண எத்தன நாளாவும்?"

"மூணு நாள் அண்ணாச்சி."

"அது வரைக்கும் மத்தவங்க தாங்க மாட்டாங்க. நீ வாசி. நான் இங்க இயந்திரத்துல கையால அடிக்கேன்."

நாள் 1212, 11:30

பெட்டி எண்ணையும் மருந்தளவையும் வாசிக்கிறேன். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்கிறார். நேரமாகிறது. தொண்டை வறண்டுவிட்டது.

இறந்தவர்களின் எண்களை விட்டுவிட்டு வாசித்தேன். 17ஐ விட்டேன். 52ஐ விட்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. 87க்குப் பிறகு 89 என்றேன்.

நாற்பது நொடி.

"எண்பத்தெட்ட ஏன் விட்ட?"

அந்த வரிக்குத் திரும்பினேன்.

"வாசி, மேரி."

நேற்றுக் கணக்கிட்ட அளவு தரவுத்தளத்தில் அப்படியே இருந்தது.

"எண்பத்தெட்டு. மூணு புள்ளி ரெண்டு."

நாற்பது நொடி. விசைகள் அமுங்கும் சத்தம் கேட்டது.

"மூணு புள்ளி ரெண்டு. அடிச்சாச்சு. அடுத்ததச் சொல்லு."