குறைந்தபட்சம் செலுத்தினால் போதும்

மார்ச் 3, செவ்வாய்

தங்கைக்குக் கடன் தர வங்கி மறுத்துவிட்டது. ஆதாரம்: வங்கியின் கடிதம். காலை ஒன்பதே காலுக்கு அவளே அதைத் தொலைபேசியில் முழுவதும் வாசித்தாள். காரணமாக ஒரே வரி: ‘கடன் மதிப்பெண் போதுமானதாக இல்லை.’

பதினோரு வருடமாக அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையை உரிமையாளர் விற்கிறார். முதல் வாய்ப்பு அவளுக்கு. மே 31 வரை காத்திருப்பார். அதன் பிறகு பக்கத்து செல்போன் கடைக்காரர் வாங்கிக்கொள்வார். முன்பணம் அவளிடம் இருக்கிறது. மீதிக்குத்தான் வங்கி.

“ஒரு மாசம்கூட நான் கெடு தவறல அண்ணா. எனக்கு எதுக்கு மார்க்கு கம்மி? ஸ்கூல்லயும் இப்படித்தான். நல்லா எழுதிட்டு வந்து ஃபெயிலாவேன்.”

சிரித்தோம். போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 4, புதன்

அவள் வீட்டுக்குப் போனேன். கிரெடிட் கார்டின் மாதக் கணக்குத் தாள்களை மேசையில் பரப்பி வைத்திருந்தாள். போன வருடம் கூரைப் பழுதுக்கும் பல் சிகிச்சைக்கும் கார்டைத் தேய்த்திருக்கிறாள். அன்றிலிருந்து மாதம் தவறாமல் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டியிருக்கிறாள். பதினான்கு மாதம்.

“முழுசா கட்டப் பணம் இல்லையா?”

“இருந்துச்சே. கடைக்குச் சேர்த்து வச்சேன். மினிமம் கட்டினாலே போதும்னு பேப்பர்லயே போட்டிருக்கான், அப்புறம் எதுக்கு சேமிப்புல கை வைக்கணும்?”

அலமாரிக் கதவைத் திறந்தாள். உள்பக்கம் செய்தித்தாள் நறுக்கு ஒட்டியிருந்தது. தலைப்பு: ‘கிரெடிட் கார்டா, டெபிட் கார்டா?’ கீழே ஒரு வரிக்குச் சிவப்பு அடிக்கோடு: ‘குறைந்தபட்சத் தொகையைக் கெடுவுக்குள் செலுத்தினால் போதும்.’ எழுதியவர் பெயர் இருக்கும் இடத்தில்: நமது நிருபர்.

அது நான்.

எங்கள் பத்திரிகையில் பெயர் போடும் வழக்கம் இல்லை. அவளுக்குத் தெரியாது.

“உன் ஆபீஸ்தானே. இதை எழுதின மகானைப் பிடிச்சுக் கேட்டுச் சொல்லு.”

“கேக்கறேன்” என்றேன்.

மார்ச் 5, வியாழன்

கேட்டேன். மகான் வங்கிக்குப் போன் போட்டு நாளைக்கு நேரம் வாங்கினார்.

மார்ச் 6, வெள்ளி

வங்கியின் கடன் பிரிவு அதிகாரியைப் பார்த்தேன். குறைந்தபட்சத் தொகை கட்டினால் தாமதக் கட்டணம் வராது, தவறியவர் என்ற குறியும் விழாது. அவ்வளவுதான். மீதிக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். “கார்டு வரம்புல தொண்ணூறு சதவீதம் ஒரு வருஷமா நிரம்பியே இருக்கு சார். கழுத்தளவு தண்ணில நிக்கறவங்கன்னுதான் எங்க சிஸ்டம் நினைக்கும்” என்றார்.

வேறு வங்கியில் ஓய்வு பெற்ற மேலாளர் ஒருவரிடமும் கேட்டேன். அதையேதான் சொன்னார். இரண்டு பேரிடம் விசாரித்தாயிற்று. இந்த விசாரணையைப் பதினான்கு மாதம் முன்னால் செய்யவில்லையா? செய்தேனே! வட்டியைப் பற்றி எழுதிய ஞாபகம் இருக்கிறதே. அப்படியானால் அந்த வரியை வெட்டியது யார்?

மார்ச் 7, சனி

செய்தி ஆசிரியரிடம் போய்க் கத்தினேன். “பக்கத்தை நிரப்புறவங்களுக்கு வரி வெறும் நீளம்தானே?” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். “அச்சான வரில தப்பு இல்லையேய்யா. ‘போதும்’னா கெடுவுக்குப் போதும்னு அர்த்தம். சரி, பழைய பிரதியை எடுத்துப் பாரு. அப்புறம் கத்து.”

மார்ச் 9, திங்கள்

எடுத்துப் பார்த்தேன். கோப்பு அறை, மூன்றாவது தட்டு. என் பிரதி. அடுத்த வாக்கியம் இருக்கிறது: ‘ஆனால் மீதித் தொகைக்கு வட்டி தொடரும், இதையே வழக்கமாக்கினால் மதிப்பெண் சரியும்.’ குறுக்கே ஒரு கோடு. ஓரத்தில் ‘நாலு வரி அதிகம்.’

கையெழுத்து என்னுடையது.

அன்று கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் வந்தது. நானே வெட்டிக் கொடுத்தேன். இப்போது ஞாபகம் வருகிறது. கட்டுரை கச்சிதமாக வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டதும் ஞாபகம் வருகிறது.

யார் தலையிலாவது கட்டிட முடியுமான்னு மூணு நாளா அலைஞ்சிருக்கேன். தூ!

மார்ச் 10, செவ்வாய்

மனைவியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. “எழுதினதைக்கூட மன்னிச்சிடுவா. மறைச்சா மன்னிக்க மாட்டா. நாளைக்கே போய்ச் சொல்லுங்க.”

மார்ச் 11, புதன்

சொல்லிவிட்டேன். கடையில், மதியம், வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரம். அவள் ஒரு மூக்குக்கண்ணாடிச் சட்டத்துக்குத் திருகு முடுக்கிக்கொண்டிருந்தாள்.

“அந்த நமது நிருபர் நான்தான்.”

முதலில் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

“அன்னிக்கு ‘கேக்கறேன்’னு சொன்னியே?”

“ஆமா.”

“டீயும் குடிச்சே.”

“ஆமா.”

திருகு கீழே விழுந்தது. தேடி எடுக்கக் குனிந்தேன். “விடு. நானே எடுத்துக்கறேன். நீ கிளம்பு” என்றாள்.

மார்ச் 15, ஞாயிறு

கார்டு பாக்கியை நான் அடைக்கிறேன் என்று மனைவி மூலம் சொல்லி அனுப்பினேன். பதில் அப்படியே: “அவன் பாவத்தைக் கழுவ என் கார்டுதான் கிடைச்சுதா?”

கார்டை இரண்டாக வெட்டி, கணக்கையும் மூடிவிடப்போகிறாளாம், இனி டெபிட் கார்டு மட்டும்தானாம். டெபிட் கார்டில் செலவழிப்பது நம் சொந்தப் பணம். கடன் அறிக்கையில் அது ஏறாது. ஒன்பது வருடப் பழைய கணக்கை மூடினால் அவளுக்கு இருக்கும் ஒரே கடன் வரலாறும் அத்தோடு நின்றுவிடும். இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அதிகாரியின் எண்ணை எழுதி மனைவியிடம் கொடுத்தேன். என் கருத்து எதையும் சேர்க்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

ஐந்தாம் பக்கம், கீழ் மூலை. திருத்தம், ஒன்பது வரி. என் பெயரைப் போடச் சொல்லிக் கேட்டேன். “வழக்கமில்லை” என்றார் செய்தி ஆசிரியர். ஆனால் ஒரு வரியும் வெட்டவில்லை.

மார்ச் 28, சனி

மனைவி மூலம் தெரிந்தது: தங்கையே அதிகாரியிடம் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். கார்டு பாக்கி முழுவதையும் கடை முன்பணத்திலிருந்து அடைத்துவிட்டாள். முன்பணத்தில் பாதி போயிற்று. கடை உரிமையாளர் மீதிப் பாதியை முன்பணமாக வைத்தே பேரம் பேசச் சம்மதித்திருக்கிறார், கெடுவை நீட்டவில்லை. கார்டு கணக்கை அவள் மூடவில்லை. மின்கட்டணத்துக்கு மட்டும் கார்டு, பில் வந்த அன்றே முழுத் தொகை. மற்ற எல்லாவற்றுக்கும் டெபிட் கார்டு.

என்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லையாம்.

ஏப்ரல் 6, திங்கள்

இன்றும் பேசவில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

மாலை நாலரைக்குத் தங்கையிடமிருந்து கைபேசியில் ஒரு படம். கார்டின் புதிய தாள். முழுவதும் அடைத்த பிறகும் வட்டி என்று ஒரு சின்னத் தொகை. அதைச் சுற்றிப் பேனாவால் வட்டம். கீழே எழுதியிருந்தாள்: ‘பைசா பாக்கி இல்லாம கட்டினேன். இது எங்கிருந்து வந்துச்சு? தெரிஞ்சா சொல்லு. தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லு.’

தாள் போட்ட நாளுக்கும் அவள் கட்டிய நாளுக்கும் இடையில் ஓடிய வட்டியாக இருக்கலாம். இருக்கலாம் என்பது செய்தி ஆகாது. கட்டாமல் விட்டால் தவறியவள் என்ற குறி விழுமா? அதுவும் எனக்கு நிச்சயமில்லை.

‘தெரியல. நாளைக்கு பத்தரைக்கு பேங்க்ல கேட்டுச் சொல்றேன்’ என்று அனுப்பினேன்.

ஏழு நிமிடம் கழித்துப் பதில்: ‘நானும் வரேன். நீ கேளு, நான் எழுதிக்கறேன்.’

தெரிய வேண்டியவை: அந்தச் சின்னத் தொகையின் காரணம், நாளை பத்தரை மணிக்கு. புதிய கடன் அறிக்கை, மே 15-க்குள். அதன் பேரில் வங்கியின் முடிவு, மே கடைசி வாரம் என்கிறார் அதிகாரி. தேதி தர மறுத்துவிட்டார்.