பையோடு நட்ட பலாக்கன்று

இன்று காலை கீரனூரில், உன் தம்பி வீட்டுக் கொல்லையில் பட்டுப்போன பலாக்கன்றைப் பிடுங்கினேன். நம் நர்சரிப் பையும் கூடவே வந்தது. ஒரு கோடை முழுக்க மண்ணுக்குள் கிடந்தும் கிழிசல் இல்லை. உள்ளே வேர் சுருண்டு கிடந்தது. வெட்கத்தில் என்னால் நிமிரவே முடியவில்லை.

மக்கும் பைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நீ. பையைக் கிழிக்கும்போது வேர் அசைந்தால் பலா பிழைக்காது என்று உனக்குக் கவலை. அதுவும் ஒருவகைப் பாலியெஸ்டர், ஆனால் நுண்ணுயிர்கள் தின்றுவிடும் என்றார் விற்றவர். "அப்ப என் பாலியெஸ்டர் சட்டையையும் தின்னுருமா?" என்று கேலி செய்தேன். நீ ஒரு பையை எருக்குழியில் புதைத்தாய். மழைக்காலம் முடிந்து தோண்டினால், நனைந்த அப்பளம் போல இரண்டு துண்டுதான் மிச்சம்.

"பாத்தீங்களா? கண்ணுக்குத் தெரியாததெல்லாம் சேந்து தின்னுருக்கு. ஆனா அதுக்கும் எரு வேணும், ஈரம் வேணும். சும்மா வந்து தின்னுமா?" என்றாய். உன் சிரிப்பைப் பார்த்தேனே தவிர, பேச்சைக் காதில் வாங்கவில்லை.

உன் கருமாதிக்கு வந்த சொந்தங்களுக்கு ஆளுக்கொரு பலாக்கன்று கொடுத்தேன். "பையைக் கிழிக்காதீங்க, அப்படியே நடுங்க, மண்ணு தின்னுரும்" என்று பெரிய விஞ்ஞானி மாதிரி சொன்னேன். எருவைப் பற்றி வாயே திறக்கவில்லை. காய்ந்த செம்மண்ணில் எது வந்து அந்தப் பையைத் தின்னும்?

உன் தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. "மன்னிச்சுக்கங்க மச்சான். அக்கா பேர்ல வச்ச கன்னு. நாந்தான் சரியாத் தண்ணி ஊத்தாம விட்டுட்டேன்" என்று அழுதான். பழி அவன் மேலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. கல்யாணமான நாளிலிருந்து உன்னிடம் எதையும் மறைத்ததில்லை, இதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு பையை அவனிடம் காட்டினேன். "ஒம்மேல தப்பில்லைடா. நாந்தான் ஒங்கக்கா சொன்னதுல பாதியை முழுங்கிட்டேன்."

"ஆலங்குடிச் சித்தி வீட்டுக் கன்னும் வாடுதாமே" என்றான் அவன்.

நாளை முதல் பஸ்ஸில் ஆலங்குடி போகிறேன். உன் எருக்குழியிலிருந்து ஒரு சாக்கு அள்ளிக் கட்டி வைத்திருக்கிறேன். கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏசுவார், ஏசட்டும். கன்று வாங்கிய ஒவ்வொரு வீட்டிலும் தலைகுனிந்து நின்று, நீ சொன்னதை இந்த முறை முழுசாகச் சொல்ல வேண்டும்.