கீரை போட்டிருந்த டயருங்க

அஃப்ஷான் அத்தாவுக்கு,

சலாம், கோவத்தோடதான்.

நம்ம டாக்ஸியோட பழைய டயர் நாலுலயும் மண்ணு ரொப்பிக் கீரை போட்டிருந்தேன். நான் குழாயடிக்குப் போன நேரம் பாத்து, மண்ணைக் கொட்டிட்டு, செங்கல் சூளைக்காரன் எரிக்கிறதுக்குத் தூக்கிக் குடுத்திருக்கீங்க. கேட்ட பக்கத்து வூட்டு ஷஹானாகிட்ட "பழைய டயர்தானே"ன்னீங்களாம்! அந்தச் சூளைப் புகையிலதானே நம்ம புள்ள அஃப்ஷான் மூச்சு விட முடியாமத் தவிக்குது? அது தெரியாதா உங்களுக்கு?

அவன் நெருப்பு வைக்கிறதுக்குள்ள நானே போயி எடுத்துட்டு வரேன். கடைத்தெரு வழியா உருட்டிட்டுத்தான் வருவேன். ஊரே பாக்கட்டும்.

புள்ள ஷஹானா வூட்டுல தூங்குது. சோத்துக்கு மீன் ஆணம் சட்டியில இருக்கு.

நஜீமா

நாலையும் ஒருத்தியா உருட்ட முடியாது. சாப்பிட்டதும் காரை எடுத்துட்டு சூளைக்கு வாங்க. மிச்சத்தை வர்ற வழியில திட்டிக்கிறேன்.