லெமுவேல் கார்ப்ரூ யார் பிள்ளை?

ஹெரன் ஹில், வர்ஜீனியா
3 அக்டோபர் 1983

மதிப்பிற்குரிய திரு. வெண்டெல் பீக் அவர்களுக்கு,

‘கார்ப்ரூ குடும்பத்தார் யாரேனும் இருந்தால் எழுதவும்’ என்று வம்சாவளிப் பத்திரிகையில் நான் விளம்பரம் கொடுத்து நான்கு மாதம் ஆகிறது. வந்தது ஒரே ஒரு கடிதம், உங்களுடையது. தபால்காரர் வண்டியைத் திருப்புவதற்குள் பிரித்துப் படித்துவிட்டேன். உங்கள் தாயார் ஒரு கார்ப்ரூ என்று பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது. கரோலினாவுக்குப் போன கிளையா நீங்கள்? அந்தக் கிளைக்காரர்களுக்குக் காது பெரியது என்று அம்மா சொல்வாள். உங்களுக்கும் அப்படியா?

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து அரசர் ஆண்ட காலத்தில் இந்த ஆற்றங்கரையில் புகையிலைப் பண்ணை வைத்திருந்தவர் நத்தேனியல் கார்ப்ரூ. அவருடைய மகன் லெமுவேல். லெமுவேலில் தொடங்கி, அம்மா வழியாக என் வரைக்கும் ஒரு கண்ணி விடாமல் சேர்த்துவிட்டேன். ஆனால் லெமுவேல் நத்தேனியலின் மகன்தான் என்பதற்கு மூலப்பதிவு கொண்டு வா என்கிறது, அந்தக் காலப் பண்ணையார்களின் வாரிசுகளை மட்டுமே சேர்த்துக்கொள்ளும் பழைய பண்ணையார் சங்கம். எங்கள் ஊர்க் கோர்ட்டுப் பதிவுகள் எல்லாம் உள்நாட்டுப் போரில் எரிந்துபோயின. நான் எங்கே போவேன்? அம்மா இருபது வருஷம் முயன்று, சங்கத்தில் சேராமலே கண்ணை மூடினாள். நான் முப்பத்திரண்டு வருஷமாக அலைகிறேன். எனக்கு எழுபத்தொரு வயது. வருகிற ஏப்ரல் கூட்டத்தில் என் பெயரை வாசிக்காவிட்டால் இனி எப்போது?

உங்கள் வீட்டில் பழைய காகிதம் ஏதாவது இருந்தால் தயவுசெய்து தேடிப் பாருங்கள், தம்பி.

அன்புடன்,
யூடோரா கார்ப்ரூ மாஸ்கி


பால்டிமோர்
12 அக்டோபர் 1983

மதிப்பிற்குரிய திருமதி மாஸ்கி அவர்களுக்கு,

என் காது பெரியதுதான். ஆனால் அது கரோலினாவிலிருந்து வந்ததல்ல. நாங்கள் கறுப்பர்கள். என் அம்மாவின் முன்னோர்கள் ஹெரன் ஹில்லில் நத்தேனியலுக்கு அடிமைகளாக இருந்தவர்கள். விடுதலையானபோது அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். முதல் கடிதத்திலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பதில் வராதோ என்று தயங்கினேன், அது என் தவறு.

எங்கள் வீட்டில் காகிதம் எதுவும் கிடையாது. இருப்பதெல்லாம் அம்மா சொன்ன ஒரே வரிதான்: "நம்மாளு ஜூபாதான் எல்லை நடந்தவரு. அவரு காட்டின மரத்துலதான் வெட்டுவாங்க." முப்பத்துநாலு வருஷம் தபால் நிலையத்தில் தெருவாரியாகக் கடிதம் பிரித்து, போன வருஷம் ஓய்வு பெற்றேன். ஊரார் பெயர்களையெல்லாம் அந்தந்த வீட்டுக்குச் சேர்த்தவன், ஜூபாவை மட்டும் எங்கே சேர்ப்பது என்று தெரியாமல் நிற்கிறேன். உங்கள் ஆவணங்களில் அவர் பெயர் எங்காவது உண்டா?

இதற்குமேல் எழுத விருப்பமில்லை என்றாலும் புரிந்துகொள்வேன்.

இப்படிக்கு,
வெண்டெல் பீக்


ஹெரன் ஹில்
24 அக்டோபர் 1983

அன்புள்ள திரு. பீக் அவர்களுக்கு,

காதைப் பற்றி எழுதினேனே, அதை நினைத்து இரண்டு நாள் வெட்கப்பட்டேன். மூன்றாம் நாள் சிரித்துவிட்டேன். மன்னியுங்கள்.

எழுத விருப்பமில்லாமல் என்ன? பேச்சுத் துணைக்கு இங்கே மாடியில் குடியிருக்கும் அணில்கள்தான் இருக்கின்றன. இடுப்பு எலும்பு தேய்ந்த பிறகு தபால் பெட்டிவரை நடப்பதே எனக்கு யாத்திரை.

எரியாமல் மிஞ்சியது எங்கள் தேவாலயத்தின் நிர்வாகப் பதிவேடு ஒன்றுதான். அந்தக் காலத்தில் நான்கு வருஷத்துக்கு ஒருமுறை அக்கம்பக்கத்தார் கூடி ஒவ்வொரு பண்ணையின் எல்லையையும் சுற்றி நடந்து, மரங்களில் வெட்டுக்குறியைப் புதுப்பிப்பார்கள். யார் யார் நடந்தார்கள் என்று தேவாலயப் பதிவேட்டில் எழுதுவார்கள். அதை 1934இல் எங்கள் ஊர்ப் பெண்கள் ஐந்து பேர் புத்தகமாக அச்சிட்டார்கள். என் அம்மாவும் அவர்களில் ஒருத்தி. அந்தப் புத்தகம் என் தலைமாட்டிலேயே இருக்கிறது. அட்டை முதல் அட்டை வரை தேடினேன். ஜூபா இல்லை. 1783ஆம் வருஷ நடையில் ‘லெமுவேல் கார்ப்ரூவும் மற்றும் சிலரும்’ என்று மட்டும் இருக்கிறது. அம்மா ஒரு எழுத்தையும் விடாதவள். புத்தகத்தில் இல்லையென்றால் பதிவேட்டில் இல்லை.

இருந்தாலும் கேட்கிறேன். மூலப் பதிவேடு ரிச்மண்ட் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. நான் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. உங்களால் ஒருமுறை போய்ப் பார்க்க முடியுமா? உங்கள் ஜூபாவுக்காகவும் என் லெமுவேலுக்காகவும்.

நன்றியுடன்,
யூடோரா மாஸ்கி


பால்டிமோர்
20 நவம்பர் 1983

அன்புள்ள மிஸ் யூடோரா,

ஜூபா கிடைத்துவிட்டார்!

காலை ஆறு மணிப் பேருந்தைப் பிடித்து ரிச்மண்ட் போனேன். காப்பகத்தில் இருந்த இளம்பெண் பதிவேட்டை மெத்தைமேல் வைத்துத் தந்தாள். "மெதுவா திருப்புங்க ஐயா, அவசரப்பட்டா காகிதம் பொடியாயிடும்" என்றாள். கடிதக்கட்டு பிரித்த கை இது, காகிதத்தின் மனசு எனக்குத் தெரியும். 1759இல் இருக்கிறார். 1771இல் இருக்கிறார். 1783இல் உங்கள் புத்தகம் ‘மற்றும் சிலர்’ என்கிற இடத்தில், மூலத்தில் இப்படி இருக்கிறது: ‘லெமுவேல் கார்ப்ரூவும், பழைய குறிகளை எல்லாம் காட்டிய ஜூபாவும்.’

நான் வாய்விட்டு ஏதோ சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அந்தப் பெண் ஓடிவந்து, "என்னாச்சு ஐயா? ஒடம்புக்கு முடியலையா?" என்றாள். "இல்லம்மா, எங்க வீட்டாளு ஒருத்தரப் பாத்துட்டேன்" என்றேன். அவள் கண்ணும் கலங்கிவிட்டது.

உங்களால்தான் இது நடந்தது, மிஸ் யூடோரா (மூத்த பெண்களை எங்கள் பக்கம் மரியாதையாக இப்படித்தான் அழைப்போம்). நீங்கள் பதிவேடு இருக்கும் இடத்தைச் சொல்லியிராவிட்டால் ஜூபா இன்னமும் ‘மற்றும் சிலரா’கவே இருந்திருப்பார். என் அக்கா ஓஸெல்லா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாள். அவள் லேசில் யாருக்கும் நன்றி சொல்கிறவள் அல்ல.

லெமுவேல் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

நன்றியுடன்,
வெண்டெல்


ஹெரன் ஹில்
1 டிசம்பர் 1983

அன்புள்ள வெண்டெல்,

உங்கள் கடிதத்தை அணில்களுக்கே படித்துக் காட்டினேன், அவ்வளவு சந்தோஷம். அம்மா எப்படி அவர் பெயரை விட்டாள் என்றுதான் விளங்கவில்லை. இடம் போதவில்லையோ என்னவோ.

இத்துடன் புகைபோட்ட பன்றித்தொடை ஒன்று அனுப்பியிருக்கிறேன். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைக்காமல் சமைத்தால் உப்பு உங்களைக் கொன்றுவிடும்.

‘லெமுவேல் பற்றிப் பிறகு’ என்று எழுதியிருக்கிறீர்களே, எப்போது? சங்கத்தார் ஜனவரி முடிவுக்குள் ஆதாரம் கேட்கிறார்கள். ஏப்ரல் கூட்டத்துக்கு நீல உடை ஒன்று தைக்கக் கொடுத்திருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

அன்புடன்,
யூடோரா


பால்டிமோர்
15 டிசம்பர் 1983

அன்புள்ள மிஸ் யூடோரா,

பன்றித்தொடையை ஊறவைத்துத்தான் சமைத்தோம். நான் மட்டும் பாதியில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். ஓஸெல்லா கண்டுபிடித்துவிட்டாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தம்மா மனசு நோகுமேன்னு மறச்சு வச்சிருக்கேன்" என்றேன். அவள் முட்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நல்லதுக்குன்னு பேர விட்டவங்கதானே அவங்கம்மாவும்? உனக்கும் அவங்களுக்கும் என்னடா வித்தியாசம்?" என்றாள்.

அன்றைக்கே ரிச்மண்டில் லெமுவேலையும் பார்த்தேன். நகல் இத்துடன் இருக்கிறது. ஜனவரி 1762. உங்கள் புத்தகத்தில் இந்தப் பக்கமே இல்லை:

‘தேவாலய வாசலில் கிடந்த ஆண் குழந்தை, பெற்றோர் தெரியாது. லெமுவேல் என்று பெயரிடப்பட்டது. பிள்ளையில்லாத நத்தேனியல் கார்ப்ரூவிடம், இருபத்தொரு வயது வரை வேலை பழக ஒப்படைக்கப்படுகிறது. அவருடைய ஆள் ஜூபாவின் மனைவி ஃபீபி, கைக்குழந்தைக்காரி, இதற்கும் பால் கொடுப்பாள்.’

முன்னும் பின்னும் நாற்பது வருஷம் திருப்பிப் பார்த்துவிட்டேன். நத்தேனியலுக்கு வேறு பிள்ளை இல்லை. 1783இல் இவனுக்கு இருபத்தொரு வயது. அந்த வருஷம்தான் கார்ப்ரூ என்ற பெயரோடு எல்லை நடக்கிறான். உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் அந்தப் பெயர் ஒரே வழியில்தான் வந்திருக்கிறது, மிஸ் யூடோரா.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஃபீபியை யாரும் கேட்கவில்லை. கொடு என்றார்கள், கொடுத்தாள். தன் பிள்ளைக்கு உரிய பாலைத்தான் பங்கு போட்டாள். இதை நாம் இனிப்பாக்கிப் பேச வேண்டாம்.

இந்த நகலைச் சங்கத்துக்கு அனுப்புவதும் அடுப்பில் போடுவதும் உங்கள் விருப்பம். நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.

வருத்தத்துடன்,
வெண்டெல்


பால்டிமோர்
27 பிப்ரவரி 1984

அன்புள்ள மிஸ் யூடோரா,

இரண்டு மாதத்துக்கு மேலாகிவிட்டது. பதில் வேண்டாம். உடம்பு நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் போதும். தபால் பெட்டியைத் தினமும் மூன்று தடவை திறந்து பார்க்கிறேன். தபால்காரனாக இருந்தவனுக்கு இது கேவலம்.

வெண்டெல்


ஹெரன் ஹில்
16 ஏப்ரல் 1984

அன்புள்ள வெண்டெல்,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் படுத்துவிட்டிருந்தது. உங்கள் கடிதத்தை மாவு டப்பாவுக்குள் திணித்துவிட்டு ஒரு மாதம் ரொட்டியே சுடவில்லை. கோபம். உங்கள்மேல், ஃபீபிமேல்கூட. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

மார்ச்சில் பக்கத்து வீட்டுப் பெண் காரில் என்னை ரிச்மண்டுக்கு அழைத்துப் போனாள். அந்தப் பக்கத்தை என் கண்ணால் பார்த்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவின் புத்தகத்தில் நான் ஒருநாளும் படிக்காத முன்னுரையைப் படித்தேன். ‘அனாதைகள், அடிமைகள் பற்றிய முக்கியமற்ற பதிவுகள் விடப்பட்டன.’ கீழே அம்மாவின் கையெழுத்து. பாவம், வேண்டாதவர்கள் என்று யாரையோ ஒதுக்குவதாக நினைத்துத் தன் முப்பாட்டனையே ஒதுக்கியிருக்கிறாள். பிறகு அவனைத் தேடியே ஆயுள் முழுக்கக் கழித்திருக்கிறாள். அன்றைக்குத்தான் அழுதேன். அழுது முடித்ததும் பசித்தது.

நேற்று முன்தினம் சங்கக் கூட்டம். நீல உடையில்தான் போனேன், தைத்தாயிற்றே. ஆதாரம் வராத விண்ணப்பங்களில் என் பெயரை வாசிக்குமுன் எழுந்து, விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று சொல்லி, 1762ஆம் வருஷப் பக்கத்தை உரக்க வாசித்தேன். தலைவி அம்மாள் கையுறையைச் சரிசெய்துகொண்டே, "அப்ப நீங்க யாரு வம்சம்னு சொல்றது, யூடோரா?" என்று கேட்டாள். "யாரு பெத்தான்னு தெரியாது. ஆனா யாரு பாலுல பொழச்சான்னு தெரியும். உங்கள்ல எத்தன பேருக்கு அது தெரியும்?" என்றேன். இந்தத் தேய்ந்த இடுப்போடு, நாற்காலியைப் பிடிக்காமலே நின்று சொன்னேன்.

வெண்டெல், நீங்கள் சொன்னது சரி. ஃபீபியை யாரும் கேட்கவில்லை, அவளுக்கு நன்றி சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. சொல்லாமலே இருக்கிறேன். நன்றியோடு இருப்பதை மட்டும் நிறுத்த முடியவில்லை. அந்த ஜனவரிக் குளிரில் ஒரு வாரம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் நான் இல்லை, என் அம்மா இல்லை, அந்தப் புத்தகமும் இல்லை.

உங்களுக்கு நன்றி சொல்ல உரிமை உண்டு என்று நினைக்கிறேன். என்னிடம் பொய் சொல்லாமல் இருந்ததற்கு நன்றி.

அன்புடன்,
யூடோரா மாஸ்கி


பால்டிமோர்
23 ஏப்ரல் 1984

அன்புள்ள மிஸ் யூடோரா,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வாசித்தேன். ஓஸெல்லா இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னாள். தலைவி அம்மாளிடம் நீங்கள் சொன்ன இடம் வந்தபோது மேசையைத் தட்டி, "அப்படிப் போடு!" என்றாள்.

ஆகஸ்டில் எங்கள் குடும்பம் மொத்தமும் பால்டிமோரில் கூடுகிறோம். மூன்று நாள், நூற்று முப்பது பேர். தாத்தாவுக்கு நான்கு பிள்ளைகள். கிளைக்கு ஒரு நிறமாகப் பனியன் அச்சடித்துப் போட்டுக்கொள்வது வழக்கம். சிவப்பு, நீலம், மஞ்சள், ஊதா. இந்த முறை எல்லாப் பனியனின் முதுகிலும் ‘ஜூபா – ஃபீபி குடும்பம்’ என்று போடுகிறோம்.

உங்களைக் கூப்பிட வேண்டும் என்று சொன்னதும் வீட்டில் ஒரே சச்சரவு. "விருந்தாளிக்கு எதுக்குடா பனியன்? வெள்ளச் சட்டையில வரட்டும்" என்றான் ஒரு மச்சான். ஓஸெல்லா அவனை ஒரு பார்வை பார்த்தாள். "விருந்தாளின்னு யாரு சொன்னா? நாலு கலரும் தாத்தாவோட பிள்ளைங்களுக்கு. இது ஃபீபி மடியில கெடந்த இன்னொரு பிள்ளையோட கிள. அஞ்சாவது கலரு எடுங்க."

பச்சை எடுத்திருக்கிறோம். அச்சடிப்பவருக்கு வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். உங்கள் அளவு என்ன?

வெண்டெல்