திரும்பிப் பார்க்காத தர்சினிக்கு

என் அன்புத் தர்சி,

நீ போய் ஒரு வருசமாகி, உன் ஆட்டத்திவசமும் முடிந்த பிறகுதான் உனக்கு எழுதக் கை வருகிறது. பிந்திவிட்டேன், கோபிக்காதே. உன் பெறாமகள், அதுதான் என் மகள், நடக்கத் தொடங்கிவிட்டாள். "நீ இறக்கிவிட்டால்தானே நடப்பாள்" என்கிறார் இவர். விழுந்து பல் உடைந்தால்? காலில் ஏதும் குத்தினால்? நீ சிரிப்பது கேட்கிறது. டெங்கு உன்னைக் கொண்டுபோனதிலிருந்து, இவளை நுளம்பு வலைக்குள்ளேயே வளர்க்கலாமா என்றுகூட யோசிக்கிறேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் நீ இப்போது ஒரு கதையாகிவிட்டாய், தெரியுமா? ஹொக்கி என்றால் தர்சினி அக்கா. தனி ஆளாய் நின்று மறித்தவ, பந்தைப் பறிக்கப் பாயும்போது ஒருநாளும் திரும்பிப் பார்க்காதவ. உன்னைக் கண்ணால் காணாத பிள்ளைகளும் சொல்கிறார்கள். எனக்குப் பெருமைதான்.

ஆனால் நீ திரும்பிப் பார்க்காததன் காரணம் நமக்கல்லவா தெரியும். நீ முன்னே போனதும் நான் உன் இடத்துக்கு நகர்ந்து, மட்டையால் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவேன். நான் நிற்கிறேன், போ என்று அர்த்தம். அதைக் கேட்ட பிறகுதான் நீ பாய்வாய். எனக்குப் பின்னால் கோலில் நின்று அனெற் நம் இருவரையும் ஏசிக்கொண்டே இருப்பாள். அந்த ஏச்சு கேட்டுக்கொண்டிருக்கும்வரை எனக்கும் பயமில்லை. வெளியே நின்று பார்த்தவர்களுக்கு உன் பாய்ச்சல் மட்டும்தான் தெரிந்தது.

அனெற்தான் இப்போது அங்கே விளையாட்டு ரீச்சர். போன சனிக்கிழமை ஒரு பயிற்சி ஆட்டம் பார்க்க வரச்சொன்னாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். உன் இடத்தில் மதுரா என்றொரு பிள்ளை. பந்தைக் கண்டதும் பாய்ந்தாள், தவறவிட்டாள். அவள் விட்ட இடத்துக்கு யாரும் வரவில்லை. கோல். அடுத்த முறையும் அப்படியே. ஆட்டம் முடிந்ததும் மட்டையைக் கொண்டுவந்து அனெற்றின் காலடியில் வைத்தாள்.

"நான் இனி வரேல்லை ரீச்சர். தர்சினி அக்கா மாதிரித்தான் செய்தனான். திரும்பியே பாக்கேல்லை. எனக்கு அவவின்ரை துணிவு இல்லை."

அனெற் என்னைப் பார்த்தாள். "உண்மையைச் சொல்லனடி, கௌரி."

அனெற்றைச் சற்று அப்பால் இழுத்துக்கொண்டு போனேன். "செத்தவளின்ரை பேரிலை பங்கு கேக்கிறன் எண்டு சனம் கதைக்காதோ?"

"விசரி! அவள் இருந்திருந்தால் உன்னைக் கிள்ளி எடுத்திருப்பாள். பிள்ளை அங்கை அழுகிறாள், நீ சனத்தைப் பாக்கிறாய்."

சொல்லிவிட்டேன், தர்சி. அந்த இரண்டு தட்டு, அனெற்றின் ஏச்சு, எல்லாம். மதுரா கண்ணைத் துடைத்தாள். "அப்ப அவவுக்கும் பயம் இருந்ததோ அக்கா?"

"பயமோ? மச் தொடங்க முதல் ஒவ்வொருக்காலும் சத்தி எடுக்கிறவ, சாப்பிட்டதெல்லாம் வெளியிலை வந்திடும்."

விழுந்து விழுந்து சிரித்தாள். உன் பெயரைக் கெடுத்துவிட்டேனா? இல்லை, உன்னை அவளுக்குக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்தேனா?

"வாங்கோ, காட்டுறன்" என்று மட்டையைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். இடுப்பில் குழந்தை. மைதானமெல்லாம் கல். அனெற் கையை நீட்டினாள்.

"பிள்ளையைத் தாடி. நான் நிக்கிறன், நீ போ."

மதுராவுக்குத் துணையாக விளையாடும் பிள்ளையையும் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, தரையில் தட்டினேன். மதுரா பாய்ந்தாள். பந்தோடு வந்தாள். பிறகு அந்தப் பிள்ளையே தட்டினாள், முதலில் வெட்கத்தோடு, பிறகு ஊருக்கே கேட்க. எனக்குப் பின்னால் அனெற் என் மகளை மைதானத்தில் நடக்கவிட்டு ஏசிக்கொண்டிருந்தாள். "எடி குட்டி, கல்லை வாயிலை வைக்காதை! அங்காலை எங்கை ஓடுறாய்?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை, தர்சி. நான்!

வருகிற சனிக்கிழமையும் போகிறேன். இனி உன் கதையை யார் கேட்டாலும் அந்த இரண்டு தட்டையும் சேர்த்துத்தான் சொல்வேன். நீ சத்தி எடுத்ததை மட்டும் உன் அம்மாவுக்குச் சொல்லமாட்டேன், சத்தியம்.

இன்னும் உன் பின்னால் நிற்கும்,
உன் பெறாமகளின் அம்மா,
கௌரி