துணைக்கு ஆள் கூடாது

நீ பார்த்த ஆசிரியர் வேலைக்கு வேறொருவரை நியமித்துவிட்டார்கள். மார்த்தாண்டத்தில் பள்ளி மேலாளரே இன்று காலை என்னிடம் சொன்னார். ஆகவே உறுதியான செய்தி. கேட்டுவிட்டுத் திரும்பும்போது, பாலத்தடிச் சாயாக்கடையில் யாரோ இஞ்சிச் சோடா உடைத்தார்கள். அந்த வாசனையோடு நீ நினைவில் வந்துவிட்டாய்.

குழித்துறையிலிருந்து அந்தப் பள்ளிக்குப் போக ஆற்றுப் பாலத்தைக் கடக்க வேண்டும். ஒரு நாள் நடுப்பாலத்தில் உனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, மூச்சு முட்டியது. கைப்பிடிச் சுவரைப் பற்றியபடி உட்கார்ந்துவிட்டாய். அதன்பின் பாலத்தைப் பார்த்தாலே வியர்த்தது. வெப்ராளம், வெறும் பதற்றம் என்றார்கள் வீட்டில். ஜெபித்தார்கள், கஷாயம் கொடுத்தார்கள். கோடை விடுமுறை முடிந்து வராவிட்டால் வேலை இல்லை என்று மேலாளர் சொல்லியனுப்பினார்.

அப்போதுதான் இக்கரையில் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மாவிடம் உன்னை அழைத்துப்போனேன். மருந்து எழுதாமல் அவர் பேசிக்கொண்டே இருந்ததில் உனக்கு ஏமாற்றம்.

"பாலத்துல என்ன தோணுது?"

"இப்பச் செத்துருவேன்னு தோணுது."

"எத்தனை தடவை தோணியிருக்கு?"

"அது கெடக்கு, ஏகப்பட்ட தடவ."

"எத்தனை தடவை செத்தீங்க?"

பல மாதங்களுக்குப் பிறகு நீ சிரித்ததை அன்று பார்த்தேன். பயம் ஏறும், ஓடாமல் நின்றால் தானாக இறங்கும், அது இறங்குவதை நீங்களே பார்க்க வேண்டும் என்றார் அவர். முதலில் பாலத்தின் முனையில் நிற்பது. பிறகு கொஞ்ச தூரம். வாரந்தோறும் வந்து நடந்ததைச் சொல்வது. துணைக்கு ஆள் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. உன் அம்மாவிடமும் அதைச் சொன்னார். அம்மா தலையாட்டினார்கள்.

பத்திரிகைக்குச் சட்டசபைச் செய்தி எழுதத் திருவனந்தபுரம் போயிருந்த நான் ஊர் திரும்பியபோது, கையில் மரச்சீனிக் கிழங்கோடு என் வாசலில் நின்றாய். "அக்கரைச் சந்தையில நானே போய் வாங்கினது, கேட்டியா? கசந்தாலும் நீ தின்னுதான் ஆவணும்."

மறுநாள் இருவரும் பாலத்தடிக் கடைக்குச் சாயா குடிக்கப் போனோம். கடைக்காரர் பெருமையோடு சொன்னார்: "சாருக்கு இனி ஒண்ணும் வராது. ஒரு நாளாவது தனியா விட்டோமா? அம்மை வந்து நின்னு கண்ணீர் விட்டுக் கரஞ்சாவ. நான் சோடாவும் கையுமா இங்க நிப்பேன். ஜெபக்கூட்டத்து ஆளுவ மாறி மாறிப் பொறத்தால வருவாவ. சாரு திரும்பிப் பாத்தா, ஆத்துல மீனு பாக்குத மாதிரி நிப்பாவ."

உடம்புக்கு ஆகாதவனைத் தனியே அனுப்புவது நம் ஊரில் ஈரமில்லாத காரியம். யாரும் உனக்குக் கெட்டது நினைக்கவில்லை. நீ டம்ளரைக் கீழே வைத்தாய்.

"அப்போ நான் ஒரு நாளும் தனியா நடக்கல்ல, மக்கா."

பின்னால் யார் வந்தாலும், பயம் ஏறி இறங்கியது உங்கள் நெஞ்சில்தான், அது பொய்யில்லை, மறுபடி தொடங்கலாம் என்று டாக்டரம்மா எடுத்துச் சொன்னார். நீ சரி என்றாய், போகவில்லை. தெருவில் எந்தக் காலடி கேட்டாலும் திரும்பிப் பார்த்தாய். பிறகு வாசலுக்கும் வரவில்லை. பள்ளி திறந்தது. அந்த மழையில் உனக்கு டைபாய்டு கண்டது, மருந்து கேட்கவில்லை. கல்லறைத் தோட்டம் அக்கரையில்.

நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்வதைப் பற்றித்தான் இப்போது எங்கும் பேச்சு. நானும் அதைத்தான் எழுதி அனுப்புகிறேன். எழுதி முடித்தால் வாசித்துக் காட்ட ஆளில்லை.

உன் அம்மா இன்னும் உன் கல்லறையைப் பார்க்கவில்லை. அடக்கத்தன்று பாலத்தின் முனையில் மூச்சு முட்டி விழுந்தவர்கள், அதற்கப்பால் ஒரு நாளும் போகவில்லை. போன வாரம் டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனேன்.

"நானும் தனியாவா போணும்?" என்று கேட்டார்கள்.

"தனியாத்தான் அம்மா."

"அவனத் தனியா விடாத நான், இப்ப எப்படிப் போவேன்?"

டாக்டரம்மா உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் அம்மா சம்மதித்தார்கள்.

வரும் திங்கட்கிழமை காலை அவர்கள் பாலத்தின் முனையில் நிற்க வேண்டும். நின்றார்களா, திரும்பினார்களா என்பது மாலைக்குள் தெரிந்துவிடும். எனக்கு நம்பிக்கை இல்லை. பின்னால் போகக் கூடாது என்ற ஒன்றைத்தான் உனக்கு நடந்ததிலிருந்து கற்று வைத்திருக்கிறேன். அன்று முதல் பஸ்ஸிலேயே நாகர்கோவில் போய்விடுகிறேன். ஊரில் இருந்தால் என் கால் கேட்காது.